நான் எடுக்காத கல்

ஒரு கூழாங்கல்லைக் கண்ணாடி மாதிரி பளபளக்க வைக்க நான்கு வாரம் போதும். அந்த வேலையில் இறங்கப் போய் என் வீட்டில் நான் இழந்த நல்ல பெயரைத் திரும்ப வாங்க எட்டு வருடம் ஆயிற்று. அப்படிக் கிடைத்த பெயரும் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. யார்மேல் எரிகிறது என்பதுதான் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நான்காவது வாடகை வீட்டில் குடியிருந்தோம். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் நானும் என் மனைவியும். வீட்டுக்காரருக்கு நாங்கள் ஆணி அடித்தாலும் பிடிக்காது, அடித்த ஆணியைப் பிடுங்கினாலும் பிடிக்காது. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை சாமானைக் கட்டி வண்டியில் ஏற்றும்போதும் அவள் முகம் அதைச் சொல்லும்.

அலுவலகத்தில் எதிர் மேசைக்காரன் என் நண்பன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் வாடா போடாதான். என் மனைவியைத் தங்கச்சி என்பான். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அதனால் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுவாள், ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் சேர்த்தே உலை வைப்பாள். அவன் காபிக்குச் சர்க்கரை கம்மி, எனக்கு ஜாஸ்தி என்பதில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

கல் விவகாரத்தை ஆரம்பித்தது அவன்தான். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவன் வீடு. பின் அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவான். ஆறு மாதம் தியானம் செய்ய வந்த ஒரு வெள்ளைக்காரர் தன் பொழுதுபோக்கையும் கூடவே தூக்கி வந்திருந்தார். ஒரு ரப்பர் பீப்பாய், அதை உருட்ட ஒரு குட்டி மோட்டார், நான்கு பொட்டலம் தூள், எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு. வந்த அன்றைக்கே மோட்டாரை நம்மூர் கரண்டில் சொருகினார். புகை வந்தது, நாற்றம் வந்தது, மோட்டார் போயிற்று. ஊருக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் நண்பனிடமே விட்டுவிட்டுப் போனார். தன் நாட்டில் உருட்டியது என்று ஒரு கைப்பிடிக் கல்லையும் கொடுத்திருந்தார். அதை அவன் அலுவலகத்தில் என் கோப்பின்மேல் கொட்டினான். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக, இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தது போல ஈரமாகத் தெரிந்தன. தொட்டால் காய்ந்திருந்தன.

"இதெல்லாம் சும்மா ரோட்டுல கெடக்குற கல்லுதான்டா. தூள் போட்டு உருட்டுனா இப்பிடி ஆயிடுதாம். நம்மளும் பண்ணலாமா?" என்றான்.

எனக்கு அதுவரை எந்தப் பொழுதுபோக்கும் இருந்ததில்லை. சீட்டாடத் தெரியாது, சினிமாவில் தூங்கிவிடுவேன். அந்தக் கற்களைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ பிடித்துக்கொண்டது. பழைய டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்று வாங்கினோம். தச்சரிடம் ஒரு பெரிய மரச் சக்கரம் கடைந்து, தையல் மெஷின் பெல்ட்டைப் போட்டு வேகத்தைக் குறைத்தோம். இரண்டு இரும்புக் கம்பிகளுக்குச் சைக்கிள் பேரிங் மாட்டி அவற்றின்மேல் பீப்பாயைப் படுக்க வைத்தோம். அவன் வீட்டில் தியானக்காரர்கள் இருந்ததால் சத்தம் கூடாது. எனவே மெஷின் என் வீட்டுக் குளியலறைக்குப் பக்கத்துத் தடுப்பில் வந்து உட்கார்ந்தது.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எங்கேந்து வேணா எடுத்துக்குங்க. மலையிலேந்து மட்டும் ஒரு கல்லு எடுக்கக் கூடாது. அது சாமி ஒடம்பு. அதுல ஒரு துண்ட எடுத்து அரைப்பீங்களா?"

இந்த ஊரில் மலைதான் சாமி. கோயில் அதற்கு அப்புறம் வந்தது. நான் சரி என்றேன். நண்பன் ஒரு படி மேலே போய் அவள் முன்னால் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

முதல் கல்லுக்குச் சாத்தனூருக்கு பஸ் ஏறினோம். அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினோம். அழகாக இருந்ததையெல்லாம் பொறுக்கினோம், அதுதான் தப்பு. கெட்டியான வெங்கச்சங்கல்லும் நகத்தால் கீறினால் உதிரும் கல்லும் ஒரே பீப்பாய்க்குள் போயின. கையேட்டின்படி முதல் வாரம் கரகரப்பான தூள், இரண்டாம் வாரம் ரவை மாதிரி, மூன்றாம் வாரம் மைதா மாதிரி, கடைசி வாரம் மெருகுத் தூள். இரவு பகல் நிறுத்தாமல் உருள வேண்டும். தூள் மாற்றும்போது ஒரு பொட்டு பழைய தூள் இல்லாமல் கழுவ வேண்டும். கழுவிய சேற்றைக் குழாயில் ஊற்றக் கூடாது என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை. ஜலதாரையில் ஊற்றினேன். மறுநாள் சிமெண்டு பூசினது போல அது இறுகிப்போயிற்று.

வீட்டுக்காரர் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார். நான் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கம்பி நீட்டிவிட்டேன். அவள்தான் ஓர் இரும்புக் கம்பியை வைத்து மத்தியானம் வரை குத்தி அடைப்பை எடுத்தாள்.

ஆனாலும் அவளுக்கு அந்த மெஷின் பிடித்துப்போயிற்று. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. கரண்டு போய் வந்தால் பெல்ட்டை ஒரு தள்ளு தள்ளி மறுபடி ஓட விடுவது அவள்தான். மூடியில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பதும் அவள்தான். அந்தக் கறுப்புச் சேற்றைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. பீப்பாயைத் திறந்து கழுவும்போது பக்கத்தில் வரமாட்டாள். காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். முதல் வாரம் முடிவதற்குள் சொன்னாள்: "உள்ள கல்லு கம்மியாயிடுச்சு. சத்தம் ஜாஸ்தியா வருது பாருங்க."

திறந்து பார்த்தால் மெத்துக் கல்லெல்லாம் கரைந்து சேறாகிப் பீப்பாய் பாதி காலி. முக்கால் பாகம் நிறையாவிட்டால் கல் ஒன்றோடொன்று மோதி உடையும்.

"அண்ணாவ இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணா அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கித்தான் பை நிறையக் கொண்டுவந்தான். தனியாகவே சாத்தனூர் போய் வந்ததாகச் சொன்னான். அருமையான கற்கள். எல்லாம் கெட்டி, எல்லாம் உருண்டையும் தட்டையுமாக ஒரே பக்குவம், யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது மாதிரி. எங்கள் முதல் பையிலிருந்து மூன்று நாளைக்கு மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பையை உதறினேன், ஒரு பொடி மணல் விழவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுக் கல்லைப் பீப்பாய்க்குள் போட்டேன். அவள் அடுப்படியில் இருந்தாள். மறுபடி முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தோம்.

இடையில் பௌர்ணமி வந்தது. நாங்கள் மூன்று பேரும் மாதம் தவறாமல் விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் மலையைச் சுற்றி முடித்துவிடுவோம். அடி அண்ணாமலை தாண்டிப் பாதை ஓரத்தில், வீடு வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் கல்லால் வீடு கட்டி வைப்பார்கள். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கூரையாகப் போட்டால் வீடு. அப்படி நூற்றுக்கணக்கில் முழங்கால் உயர வீடுகள், கணுக்கால் உயர வீடுகள். என் மனைவியும் முந்தின மாதம் ஒன்று கட்டியிருந்தாள். அதற்கான கல்லைச் செங்கம் பக்கம் அவள் பிறந்த ஊரின் ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாமி உடம்பிலிருந்து எடுத்துச் சாமியிடமே வீடு கேட்பது அவளுக்கு நியாயமாகப் படவில்லை.

அன்றைக்கு அவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். கூரை இல்லை. இரண்டு கற்கள் மட்டும் நின்றன. பக்கத்து வீடுகள் சிலவற்றுக்கும் கூரை இல்லை.

நண்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஆடு தட்டியிருக்கும்மா. இந்தாண்ட ஜாஸ்தியா மேய்க்கிறானுங்க."

அவள் புதருக்குள் கொஞ்ச நேரம் தேடினாள். அவனும் குனிந்து தேடினான். அவன் குனிந்து தேடியது இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. கல் அப்போது என் வீட்டுப் பீப்பாயில் இரண்டாம் வாரத்துத் தூளில் உருண்டுகொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் அவள் முதலில் போய், கரண்டு இருக்கிறதா, மெஷின் ஓடுகிறதா என்று பார்த்தாள்.

நான்காம் வாரம் முடிந்த ஞாயிறு காலை. கடைசித் தடவையாகக் கழுவினோம். அவளை நானே கூப்பிட்டேன். இனிமேல் சேறு இல்லை, வந்து பார் என்றேன். சீர்வரிசைத் தாம்பாளத்தை எடுத்துவந்து தரையில் வைத்து, தன் பழைய புடவைத் துணியை விரித்தாள். பீப்பாயைக் கவிழ்த்தேன். முதல் முயற்சிக்கு நன்றாகவே வந்திருந்தது. பாதி கற்கள் மங்கல், சிலவற்றில் மூலை உடைசல், ஆனால் பத்துப் பதினைந்து கற்கள் வெள்ளைக்காரர் கொடுத்த கற்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம். அவள் ஒவ்வொன்றாகத் துடைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நண்பன் கமர்கட் மாதிரி இருக்கிறது என்றான். நாங்கள் சிரித்தோம்.

பிறகு அவள் ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தட்டையான கல், செம்மண் நிறம், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

"இது எங்க ஊர் கல்லு" என்றாள்.

"உங்க ஊர் கல்லு பஸ் ஏறிச் சாத்தனூர் போச்சா?" என்று நான் சிரித்தேன்.

"வீட்டு மேல வெச்ச கல்லுங்க இது."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் மூஞ்சியைப் பார்த்ததும் மணல் இல்லாத பை ஞாபகம் வந்தது. சாத்தனூரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒரு நாள் வெயிலில் நிற்கச் சோம்பல்பட்டு, ஜனங்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்ததை வரிசையாக வழித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஊரார் வேண்டுதலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான்.

"சொல்லுடா" என்றேன்.

அவன் சொன்னான். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னான்: "நாங்க ரெண்டு பேருந்தாம்மா போயி எடுத்தோம். உன்னுதுன்னு தெரியாது."

எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. அதுதான் எனக்கு எமனாயிற்று. எப்படா, எங்கேடா, யாருடா ரெண்டு பேர் என்று நான் கத்த ஆரம்பித்தபோது அவள் எழுந்துவிட்டாள். "நாலு வாரமா அதுக்கு நான்தான் தண்ணி பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவனுக்கும் சாப்பாடு போட்டாள். எனக்கும் போட்டாள். இரண்டு தட்டையும் ஒரே மாதிரி வைத்தாள், அது எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அலுவலகத்தில் அவன் சட்டையைப் பிடிக்காத குறை. அவன் மறுக்கவில்லை.

"அந்த நேரத்துக்கு வாயில வந்துடுச்சுடா. நீ புருஷன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா, அப்புறம் சரியாயிடும். நான் வெளியாளு. ஒருத்தனா மாட்டிக்கினா அது மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"வந்து உண்மையச் சொல்லு."

"சொல்றேன். இந்த வாரம் வர்றேன்."

எத்தனையோ வாரங்கள் போயின. பிறகு வந்தவாசிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மெஷினை என்னிடமே விட்டுப் போனான், அதுவும் ஒரு தண்டனை. நான் பெல்ட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். அவள் முந்தானையை அவிழ்த்து அந்தக் கல்லை எடுத்து, நின்றிருந்த இரண்டு கல்லின்மேல் வைத்தாள். வழுக்கி விழுந்தது. திருப்பி வைத்தாள், மறுபடி விழுந்தது. நான்கு வாரம் பாடுபட்டு அதில் ஒரு சொரசொரப்பு மிச்சமில்லாமல் செய்திருந்தோமே, எப்படி நிற்கும்? மூன்றாவது தடவையும் விழுந்ததும் அதைப் பாதை ஓரத்தில் தரையிலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

"வேற கல்லு வெச்சா போச்சு. நான்தான் எடுக்கலன்னு சொல்றேனே" என்றேன்.

அதன்பின் எட்டு வருடம் அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சாப்பிடும்போது சொன்னேன், சண்டையில் சொன்னேன், அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதுகூடச் சொன்னேன். "சரி, விடுங்க" என்பாள். நம்புகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டாள். செய்யாத குற்றத்துக்குச் சொந்த வீட்டுக்குள்ளேயே தலைகுனிந்து நடப்பது என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எண்பதுகளின் நடுவில் வேங்கிக்காலில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்கு எனக்குத் தெரியாமல் அவனுக்கும் பத்திரிகை போட்டிருக்கிறாள். நரைத்த தலையும் வாழைத்தாருமாக வந்து நின்றான். எனக்கு உள்ளே கொதித்தது. ஆனாலும் வந்தவனை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். பால் காய்ச்சி முடிந்து கூட்டம் பந்திக்குப் போனபோது அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். அவள் காபி கலந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தங்கச்சி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். இவன் எடுக்கல. நான் மட்டுந்தான் எடுத்தேன். பளபளன்னு ஆனப்புறம் திரும்ப அதே எடத்துல கொண்டுபோயி வெச்சிடலாம்னு நெனச்சேன்."

எட்டு வருடம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அது மாறுவதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

அவள் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே, "தெரியும்ணா. அன்னிக்கே தெரியும்" என்றாள்.

ஆற்றிய காபியை டம்ளரில் ஊற்றினாள்.

"என்னுதுன்னு தெரியாதுனு சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. நான் அந்தக் கல்லு வெக்கிறப்ப நீங்கதானே பக்கத்துல நின்னு, கோடு போட்ட கல்லு நல்லா இருக்குதேம்மா, எங்க புடிச்சேனு கேட்டீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஆத்திரம் அவன்மேல் வரவில்லை, அவள்மேல் வந்தது. அவன் ஏமாற்றியது நான்கு வாரம். இவள் தெரிந்துகொண்டே எட்டு வருடம் என்னைக் கெஞ்ச விட்டிருக்கிறாள்.

"அப்ப நான் எடுக்கலன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இத்தன வருஷம் வாயத் தொறக்கல. இல்ல?"

"நீங்க எடுக்கலன்னு தெரியும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கல்லக் கையில வெச்சுட்டு நான் ஒக்காந்திருக்கேன், நீங்க சிரிக்கிறீங்க. எடுத்தவரு சிரிப்பாரா? என்னோட கல்லு எதுன்னே உங்களுக்குத் தெரியல. நான் வீடு கட்டுனப்ப நீங்க அந்தாண்ட திரும்பி நின்னு, நேரமாவுதுனு சொல்லிட்டு இருந்தீங்க. அண்ணா பாத்தாரு, அதனால எடுத்தாரு. நீங்க பாக்கல, அதனால எடுக்கல. எடுக்கல எடுக்கலன்னு எட்டு வருஷமா சொல்றீங்களே, இதுக்கு நான் ஒங்கள நல்லவருன்னு சொல்லணுமா?"

பந்தியிலிருந்து யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு டம்ளரை அவனிடம் நீட்டினாள், இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேருக்கும் சர்க்கரை சரியாக இருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு அவளுடைய புது வீட்டின் அடுப்படியில் நின்றேன். அவளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.